தலையில் இல்லாத மல்லிகை

என் தையல் டப்பாவின் அடியில், உடைந்த பொத்தான்களுக்கும் நூல்கண்டுகளுக்கும் கீழே, ஓர் ஊக்கு கிடக்கிறது. புடவைக் கொசுவத்தில் குத்துகிற பெரிய ஊக்கு. துரு ஏறித் தலைப்பக்கம் கறுத்துவிட்டது. இனி யார் முயன்றாலும் திறக்காது. மருமகள் டப்பாவை ஒழுங்குபடுத்தும்போதெல்லாம் அதைக் குப்பையில் போடப் போவாள். "எதுக்குத்தை இதெல்லாம் சேத்து வெக்கறீங்க, கையில குத்தினா செப்டிக் ஆயிடும்" என்பாள். மூடித்தான் இருக்கிறது, குத்தாது என்று சொல்லி வாங்கித் திரும்பப் போட்டுவிடுவேன். பழைய சாமான்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்குகிற ஆள் இல்லை நான். அதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருவதில்லை. தகரக் கூரையின் சூடும், நசுங்கிய மல்லிகையின் வாசனையும்தான் வரும்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. நான் தாம்பரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. சாயங்காலம் பள்ளி விட்டதும் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குப் பூப்பந்து ஆடப் போய்விடுவேன். மஞ்சள் கம்பளிநூலில் சுற்றிய பந்து. பேட்டால் வலைக்கு மேலே அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தரையில் விழுந்தால் போயிற்று. எங்கள் கிறிஸ்தவ சபையில் பூ வைக்க மாட்டார்கள், பொட்டு வைக்க மாட்டார்கள், நகை போட மாட்டார்கள், சினிமாவுக்குப் போக மாட்டார்கள். பந்து ஆடக் கூடாது என்று மட்டும் எவரும் சொல்லவில்லை, அவர்களுக்கு அது தோன்றியிருக்காது. அப்பாவும் வாத்தியார்தான், "உடம்புக்கு நல்லது, ஆடட்டும்" என்று விட்டுவிட்டார். எனக்கு ஜோடி மாடம்பாக்கத்துக்காரி ஒருத்தி. நிலபுலன் உள்ள வீட்டுப் பெண், வாய் ஓயாது, தலையில் எந்நேரமும் இரண்டு முழம் பூ இருக்கும். அவள் முன்னால் ஆடுவாள், நான் பின்னால் நின்று எடுப்பேன்.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அந்த மைதானத்தில் பெண்களுக்கான ஜோடிப் போட்டி நடக்கும். கடைசி ஆட்டம் வரை நாங்கள் வருவோம். கடைசி ஆட்டத்தில் சாம்பியனிடம் தோற்போம். ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை, வரிசையாகத் தோற்றோம். அவளை எல்லாரும் சாம்பியன் என்றுதான் சொல்வார்கள். பட்டணத்தில் ஏதோ ஆபீசில் வேலை, எலெக்ட்ரிக் டிரெயினில் வருவாள். ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்துக்குத்தான் வருவாள், ஒரு நிமிஷம் முந்தி வரமாட்டாள். வெள்ளைப் புடவை, கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகி, முந்தானையை இறுக்கிச் சுற்றியிருப்பாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நீட்டுவாள், யாராவது வாங்கிக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்ததும் கடிகாரத்துக்குக் கை நீட்டுவாளே தவிர, தோற்றவர்களுக்குக் கை கொடுத்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கு மட்டும் பந்தை உயரத் தூக்கிப் போடக் கூடாது. இது எங்களுக்கு வேதவாக்கு. தூக்கிப் போட்டால், அந்த நீளமான வலதுகை மேலே போகும். அப்புறம் பந்து நம் காலடியில் கிடக்கும். வலையை உரசுகிற மாதிரி தாழத் தாழப் போட்டுத்தான் அவளிடம் நாலு பாயிண்டாவது எடுக்க முடியும். ஒரு தடவை ஆட்டம் முடிந்து போகிறபோது என் பக்கம் திரும்பி, "கை நல்லா கீது. கால்தான் தூங்குது" என்றாள். அவ்வளவுதான். அதை அவள் உபகாரமாகக்கூடச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. என் ஜோடியைச் சொன்னது இன்னும் மோசம். அவள் தலையைப் பார்த்து, "பூ வெச்சுகினு ஆட வர்றவங்க பூப்பறிக்கத்தான் லாயக்கு" என்றுவிட்டாள். சாம்பியன் தலையில் நாங்கள் ஒரு நாளும் பூ பார்த்ததில்லை. என் ஜோடி அன்றைக்கே மாடம்பாக்கம் சிவன் கோயிலில் நேர்ந்துகொண்டாள். தனக்குக் கல்யாணம் ஆவதற்குள் ஒரே ஒரு தடவை இவளை ஜெயித்துவிட வேண்டும், கல்யாணமான பிறகு மாமனார் வீட்டில் பேட்டைத் தொட விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு நேர்ந்துகொள்ளும் வழக்கம் இல்லை. ஆனால் ராத்திரி ஜெபத்தில், பாவமோ புண்ணியமோ, நானும் அதையே கேட்டேன்.

அப்புறம் ஒரு வருஷம் சாம்பியன் வரவில்லை. கல்யாணமாகிப் பல்லாவரம் பக்கம் வந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அந்த வருஷம் கோப்பை எங்களுக்குத்தான் கிடைத்தது. கையில் வாங்கும்போதே என் ஜோடி, "அவ இல்லாம இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, ஊறுகா போடலாம்" என்றாள். அடுத்த கோடையில் அவளுக்கு நிச்சயதார்த்தம் ஆகி, ஆவணியில் கல்யாணம் என்று ஏற்பாடாகிவிட்டது. அந்தப் போட்டிதான் அவளுக்குக் கடைசி. ஆட வருகிறவர்களின் பட்டியலைப் பார்த்தால் சாம்பியன் பெயர் இருக்கிறது. என் ஜோடி என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். "சாமி கண்ணைத் தொறந்துடுச்சுடீ."

கடைசி ஆட்டத்தன்று சாம்பியன் வழக்கம்போலச் சரியான நேரத்துக்கு வந்தாள். சற்றுப் பருத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கடிகாரத்தைக் கழற்றி நீட்டினாள், யாரோ வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் பழையபடிதான் இருந்தது, ஒன்றைத் தவிர. பக்கம் மாறும்போது அவளைக் கடந்து போனேன். மல்லிகை வாசனை குப்பென்று அடித்தது. சாதாரணமாகப் பூ வைத்தவர்களிடம் வருகிற வாசனை இல்லை. வெயிலில் வதங்கி நசுங்கிய பூவின் கனத்த வாசனை, அதற்கு அடியில் வேறு ஏதோ புளித்த மாதிரி. தலையைப் பார்த்தேன். கொண்டையில் ஒரு இதழ்கூட இல்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பையன்களுக்கும் வாசனை போயிருக்கிறது. "இன்னாமே சாம்பியனு, பூக்கடையே நடந்து வந்துகினு கீது!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. என் ஜோடியும் சிரித்தாள். "சென்ட்டைக் குடிச்சுட்டு வந்திருக்கா போல. கல்யாணம் ஆனா எல்லாருக்கும் இதுதான். எனக்கு மட்டும் பூப்பறிக்கத்தான் லாயக்குன்னாளே!" நானும் சிரித்தேன். புருஷனைக் கண்ட மிதப்பு என்று நினைத்துக்கொண்டேன். சாம்பியன் அந்தப் பையன்கள் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் கேமை அவர்கள் எடுத்தார்கள், ஆனால் தட்டுத் தடுமாறித்தான். இரண்டாவதை நாங்கள் எடுத்துவிட்டோம். மைதானமே கசமுசவென்றது. அவள் கை மேலே போகவில்லை. தோளுக்கு மேல் வருகிற பந்துக்கெல்லாம் பின்வாங்கி நின்று, பந்து இறங்கும் வரை காத்திருந்து, கீழிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். என் ஜோடி அதை என்னைவிட முன்னால் கவனித்துவிட்டாள். "தோள்ல ஏதோ பிடிப்பு அவளுக்கு. கேட்டுக்கோ, மூணாவது கேம்ல தூக்கிப் போடு. எல்லாத்தையும் தூக்கிப் போடு. இன்னிக்கு விட்டா நமக்கு எந்த ஜென்மத்துலயும் இல்ல" என்றாள்.

இடைவேளையில் என் புடவைக் கொசுவம் நழுவிவிட்டது என்று மைதானத்து ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனேன். வலையும் சுண்ணாம்பு மூட்டையும் போட்டு வைக்கிற இடம். பெண்கள் புடவை சரிசெய்துகொள்ள வேறு மறைப்புக் கிடையாது. கதவைத் தள்ளினால் உள்ளே சாம்பியன், எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள். ரவிக்கை கழன்றிருந்தது. மார்பைச் சுற்றிக் கட்டியிருந்த கிழிந்த வேட்டித் துணி அவிழ்ந்து தொங்கியது. துணிக்குள்ளிருந்து மல்லிகைச் சரம் சரமாகச் சரிந்து கிடந்தது. வெள்ளைப் பூ இல்லை, பழுப்பேறி, ஈரத்தில் ஊறி, துணியோடு ஒட்டிக்கொண்ட பூ. வாசலில் யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஊக்கு இருக்குதா? என்னுது முறிஞ்சிபோச்சு" என்றாள்.

கொசுவத்தில் குத்தியிருந்ததை எடுத்தேன். அவள் பூவை இரண்டு பக்கமும் அமுக்கி வைத்துக்கொண்டு கையைத் தூக்கி நின்றாள். தூக்கும்போது பல்லைக் கடித்தது கேட்டது. நான் துணியைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுவந்தேன். "இன்னும் இறுக்கு" என்றாள். இறுக்கினேன். "இன்னும்." முதுகில் சதை பிதுங்கும் அளவுக்கு இழுத்துக் குத்தினேன். என் விரலெல்லாம் ஈரமாகிவிட்டது. வியர்வை என்று நினைத்தேன். என்ன பைத்தியக்காரத்தனம் இது, தலையில் வைக்க வேண்டிய பூவை மார்பில் கட்டிக்கொண்டு என்று தோன்றியது. ஏதாவது மந்திரித்த பூவோ, ஜெயிப்பதற்காகக் கட்டியதோ என்றுகூட ஓடியது. எங்கள் வீட்டில் பூ என்ற ஒன்றே கிடையாது, எனக்கு வேறெப்படித் தோன்றும்? "எதுக்குக்கா இது?" என்று கேட்டேன். அவள் ரவிக்கையை மாட்டிக்கொண்டு, "போ, விசில் ஊதிடுவான்" என்றாள்.

வெளியே வந்து என் ஜோடியிடம் கிசுகிசுத்தேன். நான் பாதி சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. அப்புறம், "அடிப்பாவி, உனக்குத் தெரியாதா? அது பால் வத்தறதுக்குக் கட்டறது. எங்க பெரியம்மாவுக்குக் கொழந்த தவறினப்போ இப்படித்தான் கட்டினாங்க. குடிக்கப் புள்ள இல்லன்னா பால் கட்டிக்கிட்டு உயிர் போயிடும்டீ" என்றாள். தன் தலையில் கையை வைத்துப் பூவைத் தொட்டாள். பிறகு, யாரிடமோ சண்டை போடுகிற குரலில், "அஞ்சு வருஷமா நேந்துக்கிட்டது இப்படியா கெடைக்கணும்?" என்றாள். நான் என் விரல்களை முந்தானையில் துடைத்தேன். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

மூன்றாவது கேம் தொடங்கியது. என் கை தானாகப் பந்தைத் தாழப் போட்டது. வலைக்கு மேலே ஒரு சாண் உயரம், அவள் இடுப்புக்கு நேராக. தூக்கிப் போடு என்று சொன்ன என் ஜோடியும் தாழத்தான் போட்டாள். பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. வருஷக்கணக்காக அவளுக்கு அப்படித்தானே போட்டு வந்தோம், பழைய பயம் என்று நினைத்திருப்பார்கள். ஐந்தாறு பந்து அப்படிப் போயிருக்கும். ஒரு பாயிண்ட் முடிந்ததும் சாம்பியன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வலைக்கு வந்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மேலுதட்டில் வியர்வை கோத்திருந்தது. கண்ணில் தண்ணீர் இல்லை, கோபமும் இல்லை. கழுவித் துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி ஒன்றுமில்லாத முகம்.

"ஏன் கீழ போடற?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் ஊக்கில்லாத கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"வூட்லதான் எல்லாரும் பாவம் பாக்கறாங்கன்னு இங்க வந்தேன். நீயும் பாக்காத. தூக்கிப் போடு."

பந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்த நிமிஷம் வரை நான் அவளை மனதார வெறுத்திருக்கிறேன், கொட்டகையில் பயந்திருக்கிறேன், பிறகு பரிதாபப்பட்டிருக்கிறேன். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் எனக்கு அவளைப் பிடித்தது. பிடித்தது என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

தூக்கிப் போட்டேன். நல்ல உயரம், சூரியனுக்குள் போய்த் திரும்புகிற உயரம். அவள் கை மேலே போனது. பழைய கை. பந்து என் காலடியில் விழுந்து மண் தெறித்தது. கூட்டம் ஹோவென்று கத்தியது. அடுத்ததையும் தூக்கிப் போட்டேன், அதையும் அடித்தாள். அவள் முந்தானையில் இரண்டு இடத்தில் ஈரம் படர்ந்தது. முந்தானையை இன்னொரு சுற்று இழுத்துச் செருகிக்கொண்டாள். நானும் ஓடினேன். என் கால் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அவள் அடித்ததில் பாதியை எடுத்தேன், என் ஜோடி வலையோரம் நின்று மீதியை முடித்தாள். மூவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாம்பியனோடு ஜோடி சேர்ந்து ஆடிய பெண் மட்டும் ஒன்றும் புரியாமல் "என் பந்து, என் பந்து" என்று கத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு பந்துக்குச் சாம்பியன் கையைத் தூக்கினாள், பாதியில் கை நின்றுவிட்டது. பந்து அவளுக்குப் பின்னால் போய் விழுந்தது.

ஜெயித்துவிட்டோம். யாரோ என்னைத் தூக்கினார்கள். என் ஜோடி அழுதுகொண்டிருந்தாள். கல்யாணப் பெண், கடைசி ஆட்டம், அதனால் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. எத்தனை ராத்திரி ஜெபம் பண்ணிக் கேட்டது. மரத்துப்போன காலில் தட்டிப் பார்ப்பது போல உள்ளே தட்டிப் பார்த்தேன், சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. கோப்பையின் காது வெயிலில் சுட்டது, அதுதான் தெரிந்தது.

ரயிலுக்காகத் தாம்பரம் பிளாட்பாரத்தில் அவள் தனியாக நின்றிருந்தாள். நான் ஏன் அங்கே போனேன் என்று தெரியாது, என் வீடு அந்தப் பக்கமே இல்லை. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். கை கொடுக்கிறாள் என்று நீட்டினேன், உள்ளங்கையில் ஊக்கு இருந்தது. எடுத்துவிட்டு வேறு ஏதோ வைத்து முடிந்துகொண்டாள் போலிருக்கிறது. குத்தாமல் நன்றாக மூடிக் கொடுத்திருந்தாள். "கால் முழிச்சிகிச்சு உனக்கு" என்றாள். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போயிற்று. ரயில் வரும் வரை நின்றோம். அவளாகத்தான் சொன்னாள். "பேரு வெச்சு, தூளியில போட்டாச்சு. அப்புறம் ஜுரம். வூட்ல இருந்தா வர்றவங்கல்லாம் கட்டிப் புடிச்சு அழுவறாங்க. நானும் அழுவணும். எனக்கு அழுவ வரல. இங்க வந்தா ஆடினா போதும்." வண்டி வந்ததும் பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் உள்பக்கமாக உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அடுத்த வருஷங்களில் போட்டிக்கும் வரவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் உயரமான பெண்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாகி, முதல் குழந்தை பிறந்த வாரமே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஆயா ஒருத்தி என் மார்பைப் பார்த்துவிட்டு, "மல்லிப்பூ வாங்கியாந்து கட்டு பெரியம்மா, ரெண்டு நாள்ல வத்திடும்" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பூவும் பொட்டும் உலகத்தார் வழக்கம் என்று எனக்குச் சொல்லி வளர்த்தவள். தன் கல்யாணத்துக்கும் பூ தொடாதவள். எழுந்து போனாள். ரொம்ப நேரம் கழித்து வாழை இலைப் பொட்டலத்தை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்தாள். "பூக்காரி எத்தினி மொழம்னு கேக்கறா. எனக்கென்னடி தெரியும்? கையை விரிச்சுக் காட்டினேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. என் பெட்டியிலிருந்து அந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தேன். அம்மாவுக்குக் கட்டத் தெரியவில்லை, எப்படிச் சுற்றுவது என்று நான்தான் சொன்னேன். "இன்னும் இறுக்கும்மா" என்றேன். "இன்னும்."

வீட்டில் எல்லாரும் வந்து கட்டிப் பிடித்து அழுதார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை யார் சொல்லியும் கேட்காமல் எழுந்து சபைக்குப் போனேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் பாயில் உட்கார்ந்தேன். பூ வைத்தவர் ஒருவரும் இல்லாத அந்தக் கூட்டத்தில் மல்லிகை வாசனை எழும்பியது. எனக்கு முன்னால் இருந்த பெண் மூக்கைச் சுளித்துத் திரும்பினாள். பக்கத்தில் இருந்தவளும் திரும்பினாள். இருவரும் முதலில் பார்த்தது என் தலையைத்தான். என் தலையில் பூ இல்லை. ஒருத்தி மற்றவளிடம் குனிந்து ஏதோ சொன்னாள். நான் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. எழுந்து பாடுங்கள் என்றார்கள், எழுந்து பாடினேன்.

இன்று காலையும் மருமகள் டப்பாவைக் கொட்டிப் பொத்தான் தேடினாள். ஊக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "இது தொறக்கவே தொறக்காது போலிருக்கே" என்றாள். கடைசியாக அதை மூடியது நான்தான், சபையிலிருந்து வந்த அன்று ராத்திரி, துணியை அவிழ்த்த பிறகு. குத்தாமல் நன்றாக மூடி வைத்தேன். யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும் என்று.